கிழக்குச் சுவர்

ஆரோக்கியஜோசப் சுவரை விட்டு ஒரு அங்குலம் நகரவில்லை.

கைகளைப் பின்னால் கட்டி, நெஞ்சை நிமிர்த்தி, அணிவகுப்பு மரியாதையை ஏற்கும் கவர்னர் மாதிரி நின்றார். வீடு பார்க்க வந்த தெட்சிணாமூர்த்தியும் பெரியநாயகியும் அதைக் கம்பீரம் என்று எடுத்துக்கொண்டால் நல்லது.

அவர் முதுகுக்குப் பின்னால் முறம் அகலத்துக்கு ஓதம்.

தையில் வாங்கி, கோடையில் பூசி, பெயின்ட் அடித்த வீடு. நேற்று சாயங்காலம்வரை சுவர் தந்தம் போல இருந்தது. ஐப்பசி மழை ஒரே ராத்திரியில் வேலையைக் காட்டிவிட்டது. விடிந்து பார்த்தால் பெயின்ட் உப்பி, பொருக்கு விட்டு, உப்பு பூத்து நிற்கிறது.

மனைவி ஜூலியட்டின் ஹேர் டிரையரை எடுத்து ஊதிப் பார்த்தார். சுவர் சூடானது, காயவில்லை. மாதா படத்தை மாட்டி மறைக்கலாம் என்று ஆணி அடித்தார். கையகலக் காரை பெயர்ந்து காலில் விழுந்தது. பீரோவை நகர்த்தலாம் என்றால் வீட்டில் பீரோ இல்லை.

இருக்காது. 'பழைய வீடு, புது லாபம்' என்று யூடியூபில் பாடம் நடத்துகிறவர் அவர். பார்ப்பவர்களில் பாதிப்பேர் சொந்தக்காரர்கள், மீதிப்பேர் பெயின்டர்கள். அதனால் என்ன? ஒவ்வொரு வீடியோவையும் விரலை உயர்த்தித்தான் ஆரம்பிப்பார்: "முதல் விதி. பழைய சாமான் ஒன்றுகூட உள்ளே இருக்கக் கூடாது."

அடுத்து மரியமுத்து கதை வரும். இந்த வீட்டை அவருக்கு விற்ற பெரியவர். விலை பேசிய அன்று முட்டி வலி என்று உட்கார்ந்த இடத்தை விட்டு எழுந்திருக்கவே இல்லை. பத்திரம் பதிந்த அன்று ரிஜிஸ்தர் ஆபீஸ் படியில் பையன் மாதிரி ஏறினாராம். "நல்ல விலை கொடுத்தால் முட்டி வலிகூடப் போய்விடும், பார்த்தீர்களா?" என்று கேட்டுவிட்டு ஜோசப் தாமே சிரிப்பார்.

ஜூலியட் மட்டும் அந்த வீடியோக்களைப் பார்ப்பதில்லை. அந்த நல்ல விலைக்காகத்தான் கோட்டுச்சேரியில் அவள் அப்பா கட்டிய வீடு கைமாறியது. ஆறே மாதத்தில் அதைவிடப் பெரிய வீடு என்று சொல்லியிருந்தார் ஜோசப். இப்போது பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒற்றை அறையில் வாடகைக்கு இருக்கிறார்கள். இது இன்று விற்றால்தான் அவளுக்கு இனி ஒரு வீடு.

பெரியநாயகி ஒவ்வொரு சுவராகப் புறங்கையை வைத்துப் பார்த்துக்கொண்டே வந்தாள், பிள்ளைக்குக் காய்ச்சலா என்று பார்ப்பது போல. வடக்குச் சுவர் முடிந்தது. ஜோசப்புக்கு ஒரு முழம் தள்ளி வந்து நின்றாள்.

"ஏண்ணே, மழை நேரத்துல இப்படி வேர்க்குது?"

"சந்தோஷம்மா."

சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. ஜில்லென்று இருந்தது. அது வேர்வை இல்லை.

அம்பகரத்தூரிலிருந்து வந்த தெட்சிணாமூர்த்திக்கு வீடு பிடித்துவிட்டது. சொன்ன விலைக்கே தலையாட்டிவிட்டார். கொண்டுவந்த தாம்பாளத்தில் வெற்றிலை பாக்கை அடுக்கி, மேலே அட்வான்ஸ் கவரை வைத்து எடுத்துக்கொண்டார்.

"ராகு காலம் வந்துரும் சார். அப்படியே கிழக்க பாத்துத் திரும்பி நின்னு வாங்கிக்குங்க."

கிழக்கு, ஜோசப்பின் முதுகுப் பக்கம் இருந்தது.

திரும்பினால் எதிரே ஓதம். பின்னால், வெள்ளைச் சட்டையில் அதன் நகல்.

சமையலறை வாசலில் காபித் தட்டோடு வந்த ஜூலியட் அப்படியே நின்றுவிட்டாள்.

"என்ன சார், யோசிக்கிறீங்க? மனசு மாறிடுச்சா?"

"அதெல்லாம் இல்லீங்க. முட்டி... முட்டி வலி. சட்டுனு திரும்ப முடியல."

சொன்ன பிறகுதான் அது அவர் காதிலேயே விழுந்தது.

தெட்சிணாமூர்த்தியின் முகம் சுருங்கியது. தாம்பாளம் கொஞ்சம் பின்வாங்கியது.

பெரியநாயகி ஜோசப்பின் முகத்தைப் பார்த்தாள். பிறகு அவர் தோளுக்குப் பக்கத்தில் தெரிந்த சுவரைப் பார்த்தாள். விறுவிறுவென்று சமையலறைக்குப் போய் அங்கே கிடந்த பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்து வந்து, அவருக்குப் பின்னால், சுவரோடு ஒட்டிப் போட்டாள்.

"உக்காருங்கண்ணே. நல்லா சாஞ்சுக்குங்க." கணவன் பக்கம் திரும்பினாள். "குடுக்கறவங்க கிழக்க பாத்தாப் போதும். குடுங்க."

"அப்படியா?"

"அப்படித்தான்."

ஜோசப் உட்கார்ந்து, சாய்ந்து, வாங்கிக்கொண்டார். ஜூலியட் தட்டைக் கீழே வைத்துவிட்டு நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டாள்.

தெட்சிணாமூர்த்தி வாசலில் வண்டியை ஸ்டார்ட் செய்துகொண்டிருந்தார். மறந்துவிட்ட குடையை எடுக்கப் பெரியநாயகி உள்ளே வந்தாள். ஜோசப் இன்னும் நாற்காலியில்தான் இருந்தார். அவள் குனிந்து மெல்லச் சொன்னாள்.

"நாங்க குடி வரப்போறதில்லண்ணே. தையில கைமாத்தி விட்டுருவோம். எல்லாம் உங்க வீடியோ பாத்துக் கத்துக்கிட்டதுதான். சாவி குடுக்கறப்ப இந்த நாற்காலிய மட்டும் எடுத்துட்டுப் போயிராதீங்க. இங்கயே கெடக்கட்டும்."

குடையை விரித்துக்கொண்டு போய்விட்டாள்.

மரியமுத்துவும் தமது சாய்வு நாற்காலியை இதே சுவரோரம்தான் விட்டுவிட்டுப் போனார். சும்மாவே வைத்துக்கொள்ளச் சொன்னார், பின்னால் உதவும் என்றார்.

முதல் விதிப்படி, ஜோசப் முதலில் தூக்கி வெளியே போட்டது அதைத்தான்.