கணக்கில் வராதவன்

பொறியியல் பட்டதாரிகளைக் கணக்கெடுக்க வந்த அரசு ஊழியர், என் பெயரைச் சொல்லி, “பையன் இப்ப எங்க வேலை பார்க்கிறார்?” என்று அப்பாவிடம் கேட்டார்.

“அவன் தவறிப்போய் ரெண்டு வருஷம் ஆச்சு சார்.”

அப்பா கண்ணைக்கூடத் துடைக்கவில்லை. அம்மாதான் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள்.

நான் உள்ளறைக் கதவோரம்தான் நின்றிருந்தேன். இந்த வீட்டில் யாரும் என்னை நிமிர்ந்து பார்த்தே வெகுநாளாகிறது. சாப்பாட்டுத் தட்டு மட்டும் தானாக வரும், தானாகப் போகும்.

“அடப் பாவமே! என்ன படிச்சிருந்தார்?”

“மெக்கானிக்கல்.”

“ஓ...” என்று இன்னும் கொஞ்சம் வருத்தப்பட்டார்.

அவர் தெருவில் இறங்கியதும் எனக்குப் பொறுக்கவில்லை. பின்வாசல் வழியாக ஓடிப்போய் மறித்தேன்.

“சார், நான்தான் அந்தப் பையன். உயிரோடதான் இருக்கேன். வேலை கிடைக்கலைன்னு சொல்ல வெட்கப்பட்டு அப்பா அப்படிச் சொல்லிட்டார்!”

அவர் கொஞ்சமும் திடுக்கிடவில்லை.

“தெரியும் தம்பி. இந்தத் தெருவுல இப்படி என் பின்னாடி ஓடி வந்த நாலாவது ஆள் நீங்க. உயிரோடன்னு எழுதினா, என்ன வேலைன்னும் எழுதணும். எழுதட்டுமா?”

எதிர்வீட்டு ஜன்னல் திறக்கும் சத்தம் கேட்டது.

“வேணாம் சார்” என்று சொல்லிவிட்டு, யார் கண்ணிலும் படாமல் வீட்டுக்குள் போய்விட்டேன்.