தொண்டைக்குழி

சாட்சிக் கூண்டில் ஏறியதும் செண்பகவல்லிக்கு நாக்கு வறண்டது. கோர்ட்டுச் சேவகர் ஒரு டம்ளரில் தண்ணீர் கொடுத்தார். எதிர்க் கூண்டில் நின்ற தம்பி மகன் பரமகுரு அவள் தொண்டைக்குழியையே பார்த்துக்கொண்டிருந்தான்.

சிறுவயதில் பந்தியில் மோர் ஊற்றும்போது வாளிக்குள் துப்புவான். பிறகு குடிப்பவர்களின் தொண்டை ஏறி இறங்குவதை வாய் பிளந்து பார்த்து நிற்பான். "எம்புள்ள சேட்டையப் பாத்தீங்களா மதினி!" என்று அவன் அம்மா சிரிப்பாள். வளர்ந்ததும் யார் சமைத்ததையும் அவன் தொடவில்லை. தானே பொங்கி, கதவைச் சாத்திக்கொண்டு தின்றான். வருஷக்கணக்கில் யாரோடும் பேச்சில்லை.

காதுகுத்து விருந்தன்று அவனாகவே வந்து பாயச வாளியைத் தூக்கியபோது, பையன் தேறிவிட்டான் என்று வீடே பூரித்தது. சர்க்கரை வியாதிக்காரியான செண்பகவல்லி தன் டம்ளரைக் கவிழ்த்து வைத்தாள். "ஒன் பங்கையும் எனக்கே ஊத்தச் சொல்லும்மா," என்றாள் மகள் தமயந்தி. அவன் ஊற்றினான். அவள் குடித்து முடிக்கும்வரை நகராமல் நின்றான். அந்தப் பந்தியில் பாயசம் குடித்த ஒருவர்கூடப் பிழைக்கவில்லை.

செண்பகவல்லி ஒரு வாய் தண்ணீர் எடுத்துக்கொண்டாள். எதிரே அவன் வாய் மெல்லப் பிளந்தது.

"பேரைச் சொல்லுங்கம்மா," என்றார் நீதிபதி.

விழுங்காமல், துப்பாமல், கன்னம் உப்ப அவள் நின்றுகொண்டிருந்தாள்.