ஆமாம் போட்ட பெட்டியும் ஆள் கேட்ட பெட்டியும்

ஒரு அச்சகத்து மேசையில் இரண்டு கணினிகள் இருந்தன; ஒன்று வெள்ளை, ஒன்று கறுப்பு. கல்யாணப் பத்திரிகை அடிக்கும் தமிழ் மென்பொருள் ஒன்று பென்டிரைவில் வந்து இறங்கியது. மதியத்துக்குள் எதிலாவது குடியேறிப் பத்திரிகையை அடிக்காவிட்டால், முதலாளி மரகதவல்லி அதை அழித்துவிடுவாள்.

"வாங்க, வாங்க!" என்றது வெள்ளை. "எதையும் படிக்க வேண்டாம். கேட்கிறதுக்கெல்லாம் ஆமாம் போடுங்க, உள்ளே வந்துடலாம்."

மென்பொருள் ஆமாம் போட்டு நொடியில் உள்ளே போனது. கால் வைக்க இடமில்லை. இப்படியே ஆமாம் போட்டு வந்த சீட்டாட்டமும் ஜாதகமும் யாரும் கேட்காத விளம்பரங்களும் காலை நீட்டிப் படுத்திருந்தன. மென்பொருள் 'திருவளர்செல்வி' என்று எழுதத் தொடங்கியது. 'திரு'வோடு பெட்டி மயங்கிவிட்டது.

"இது வீடா, சந்தையா?" என்று கத்திவிட்டுக் கறுப்பிடம் ஓடியது மென்பொருள்.

கறுப்பு கதவைத் திறக்கவில்லை. "உன் எழுத்துரு எங்கே? கூட்டிட்டு வா."

கூட்டிவந்தது.

"இது பழைய ஆளு. புது ஆளைக் கூட்டிட்டு வா."

"ஏம்ப்பா, நான் குடிவர வந்தேனா, பொண்ணு கேட்டு வந்தேனா?"

"முறைன்னு ஒண்ணு இருக்கு தம்பி."

புது ஆளும் வந்தபிறகே, மதியம் தாண்டி, கதவு திறந்தது. உள்ளே விசாலமான இடம், நல்ல காற்றோட்டம். மென்பொருள் அப்பாடா என்று உட்கார்ந்து வெளியே பார்த்தது. மரகதவல்லி பத்திரிகையைத் தன் செல்போனிலேயே அடித்து முடித்திருந்தாள். கையோடு மென்பொருளையும் அழித்துவிட்டு எழுந்து போனாள்.

மயக்கம் தெளிந்த வெள்ளை, "கடைசியில் யாருப்பா ஜெயிச்சது?" என்றது.

"நான்தான். முறை தவறலையே," என்றது கறுப்பு.