ஒரு வரிகூட எழுதாதவர்

ஒரு பெரிய கம்பெனி காசுக்கு விற்கும் கம்ப்யூட்டர் சிஸ்டத்தில் ஓடுகிற புரோகிராம்கள் அத்தனையும் ஓடும்படி, இலவச சிஸ்டம் ஒன்றைக் கட்டலாம் என்று ஆள் திரட்டியவர் வெர்னன். பாஸ்டனில் அவர் வீட்டு நிலவறையில் ஏழு பேர் சம்பளமில்லாமல் உழைத்தார்கள். அன்றும் திரை உறைந்துபோய் நின்றது.

"இன்னிக்கும் ஓடலைன்னா நாங்க கிளம்புறோம்" என்றாள் நடீன். கிடங்கில் பெட்டி தூக்கிவிட்டு நேரே வந்திருந்தாள்.

வெர்னன் திரையை ஒரு பார்வை பார்த்தார். உடனே திரும்பிப் படியேறப் போனார்.

நடீன் வழியை மறித்தாள். "எங்கய்யா நழுவுறே? ஆரம்பிச்சு வச்ச மனுஷன் இதுவரைக்கும் ஒரு வரி எழுதியிருக்கியா? புரோகிராம் எழுதத் தெரியுமா, இல்ல பீட்சா வாங்கித் தர மட்டும்தான் தெரியுமா?"

"தப்பு எங்க இருக்குன்னு பார்த்ததுமே தெரிஞ்சுபோச்சு, நடீன்."

"அப்போ சொல்லித் தொலையேன்!"

"சொன்னா, ரகசியத்தைத் திருடிட்டோம்னு நம்ம எல்லாரையும் கோர்ட்டுக்கு இழுத்துடுவாங்க."

"யாரு?"

"கம்பெனிதான். அவங்க விக்கிற சிஸ்டத்தை அங்க உக்காந்து எழுதினவனே நான்தான்."

நடீன் விலகி வழிவிட்டாள்.

"சீக்கிரம் மேல போய்க் கதவைச் சாத்திக்குங்க, சார். இங்க நின்னா தப்பு எங்க இருக்குன்னு உங்க முழியே எங்களுக்குக் காட்டிக்கொடுத்துடும்."