பேராசிரியர் ஷாத்லியின் மீசை

"நுரை போதுமா, இன்னும் கொஞ்சம் வைக்கட்டா?" என்று கேட்டான் ஹம்மாதி.

கேட்டது நாற்காலியில் இருந்த பேராசிரியர் ஷாத்லியை அல்ல. சலூன் வாசல்வரை முண்டியடித்து நின்ற ஊரை.

"தாராளமா வை! முப்பது வருஷத்து மீசை, லேசுல வருமா?" என்றான் டாக்ஸி ஓட்டும் பெஷீர்.

கூட்டம் சிரித்தது. கழுத்துவரை துணி போர்த்தியிருந்த ஷாத்லியும் சிரித்தார். கொஞ்சம் நுரை வாய்க்குள் போய்விட்டது.

வினை வானொலியில் தொடங்கியது.

புரட்சி முடிந்து துனிசியாவில் நடந்த முதல் நிஜத் தேர்தல். தேர்தல், கட்சி, ஓட்டுக்கணக்கு என்றே ஆராய்ந்து தலைமுடியைத் தொலைத்தவர் ஷாத்லி. உங்கள் சொந்த ஊரில் நிலவரம் எப்படி என்று வானொலியில் கேட்டார்கள். அங்கே தேர்தலில் நின்ற மருந்துக்கடை ஸல்ஹாவுக்கு வாய்ப்பே இல்லை என்றார். அவளுக்குக் கட்சி கிடையாது, காசு கிடையாது, சின்னமோ உரல். எந்தக் கணக்கைப் போட்டாலும் தோல்விதான் வந்தது.

அதோடு நிறுத்தியிருக்கலாம். "அவ ஜெயிச்சா நான் மீசையை எடுத்துடறேன்" என்று வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டார்.

நேற்று முடிவு வந்தது. தொகுதிக்குப் பல உறுப்பினர்கள்; அதில் கடைசி உறுப்பினராக ஸல்ஹா ஜெயித்துவிட்டாள். ஒரே ஓட்டு வித்தியாசம்.

மீசை போனால் முளைக்கும், ஆயுள் முழுக்கச் சேர்த்த பேர் முளைக்குமா என்று காலையில் மனைவி கண்கலங்கினாள். மாணவர்கள் முகத்தில் எப்படி விழிப்பீர்கள் என்றாள். அவரோ சட்டையை மாட்டிக்கொண்டு கல்யாண வீட்டுக்குப் போகிறவர்போலக் கிளம்பி வந்துவிட்டார்.

பழைய நாட்களில் அவர் கணிப்பு பொய்த்ததே இல்லை. பொய்க்க வழியும் இல்லை. ஜனாதிபதிக்கு நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது என்பது பெட்டியைத் திறக்குமுன்பே கழுதைக்குக்கூடத் தெரியும். ஏறவும் இறங்கவும் செய்யாத எண்ணை வைத்துக்கொண்டு எதை ஆராய்வது? அதனால் பெல்ஜியத்துக் கட்சிகளையும் ஸ்வீடன்காரர்களின் ஓட்டுகளையும் ஆராய்ந்தே டாக்டர் பட்டம் வாங்கினார், பேராசிரியர் ஆனார். அடுத்த வீட்டுக் கல்யாணத்துக்கே ஆயுள் முழுக்கப் பந்தல் போட்டதுபோல அவருக்கு ஓர் ஏக்கம் இருந்தது.

லீவில் ஊருக்கு வரும்போதெல்லாம் இதே நாற்காலியில் உட்கார்ந்து, "அவர் தோத்தா மீசையை எடுத்துடறேன்" என்று ஜனாதிபதியைப் பற்றிக் கிசுகிசுப்பார். ஹம்மாதி முதலில் வாசலைப் பார்ப்பான். பிறகுதான் சத்தம் வராமல் சிரிப்பான்.

இன்று வாசலைப் பார்க்க வேண்டியிருக்கவில்லை. கத்தி மேலுதட்டில் இறங்கியது.

"ஸல்ஹா ஜெயிச்சதே என் ஓட்டுலதான்," என்று நீல மை பூசிய விரலைத் தூக்கினான் பெஷீர். "வந்த சவாரியை விட்டுட்டுப் போய்ப் போட்டேன்!"

"அட போடா! கொதிக்கிற எண்ணெயை அடுப்புல விட்டுட்டு ஓடினவ நான். அது என்னுது," என்றாள் பக்கத்தில் பம்பலூனி என்கிற சர்க்கரை வடை சுட்டு விற்கும் மப்ரூக்கா. கையில் பாதி தின்ற பம்பலூனி, சர்க்கரையெல்லாம் பெஷீர் சட்டையில்.

"ரெண்டு பேரும் வாயை மூடுங்க. கடையைச் சாத்திட்டு வெயில்ல நின்னேனே, என் ஓட்டு என்ன கடல்ல போச்சா?" என்றான் ஹம்மாதி.

யாருக்கு ஓட்டுப் போட்டாய் என்று பெண்டாட்டிகூடக் கேட்கப் பயந்த ஊர் இது. இப்போது ஓர் ஓட்டுக்கு இத்தனை சொந்தக்காரர்கள். ஷாத்லிக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. கத்தி உதட்டில் இருந்ததால் அசையாமல் சந்தோஷப்பட வேண்டியிருந்தது.

ஹம்மாதி முகத்தைத் துடைத்துவிட்டுக் கண்ணாடியைக் காட்டினான். உள்ளே யாரோ ஒரு பள்ளிக்கூடத்துப் பையன் விழித்தான், தலையில் வழுக்கையும் கண்ணுக்குக் கீழே சுருக்கமுமாக.

"ஸஹ்ஹா!" என்று கூட்டமே வாழ்த்தியது.

"ஷாத்லி ஐயா, ஓட்டு எண்ணறதே உங்க பொழப்பு. இந்தப் பஞ்சாயத்தையும் நீங்களே தீர்த்து வைங்க," என்றான் ஹம்மாதி. "அந்த ஒரு ஓட்டு யாருது?"

ஷாத்லி வெறும் உதட்டைத் தடவிக்கொண்டார். எல்லோருடையதும்தான் என்று பாடம் எடுக்கப்போகிறார் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள்.

"சண்டை போடாதீங்கப்பா," என்றார். "அது என்னுது."