மஞ்சள் குடை

"ஐயோ அம்மா, அந்தக் குடை நீலம்! எத்தனை தடவை நீயே சொல்லியிருக்கே!"

தீவிர சிகிச்சைப் பிரிவில் குரலை உயர்த்த முடியாதே, மகள் பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னாள்.

அம்மா அதைக் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை. கட்டிலில் கண்மூடிக் கிடந்த கணவரின் பக்கம் இன்னும் கொஞ்சம் குனிந்தாள். அச்சகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர் அவர். சாதாரண சளி என்று ஆரம்பித்தது நெஞ்சு முழுக்கப் பரவி, இப்போது வாயில் குழாய். மூச்சு விடுகிற வேலையைத் தலைமாட்டில் இருந்த இயந்திரம் செய்துகொண்டிருந்தது.

"என்னங்க, ஞாபகம் இருக்கா? அச்சக வாசல்ல மஞ்சக் குடையோட நின்னேன். கொட்டோ கொட்டுன்னு மழை. நீங்க வந்து, குடைக்குள்ள கொஞ்சம் இடம் கிடைக்குமான்னு கேட்டீங்க..."

"மழையா? அன்னிக்கு வெயில்மா!"

மகளுக்கு அழுகையே வந்துவிட்டது. சாப்பாட்டு மேஜையில் கேட்டுக் கேட்டு வளர்ந்த கதை அது. "மழையில இடம் கேட்டா நியாயம். கொளுத்துற வெயில்ல குடைக்குள்ள இடம் கேட்ட ஆளு உலகத்துலயே உங்கப்பா ஒருத்தர்தான்" என்று அம்மா கேலி செய்வாள். அப்பா காதெல்லாம் சிவந்துபோய், தட்டைப் பார்த்துக்கொண்டே சிரிப்பார். எவ்வளவு நல்ல நாட்கள் அவை! அந்த வெயிலைப் போய் மழையாக்கிவிட்டாளே இந்த அம்மா!

டாக்டரம்மா வந்தார். இயந்திரத்தின் திரையைப் பார்த்தார், நெஞ்சில் ஸ்டெதஸ்கோப் வைத்துக் கேட்டார்.

"நெஞ்சு நல்லாவே தெளிஞ்சிருக்கு. ஆனா குழாயை எடுக்கணும்னா அவர் முழிச்சிருக்கணும், சொன்னதைச் செய்யணும், தானா மூச்சை இழுக்கணும். மயக்க மருந்தை நிறுத்தியும் தூங்கிட்டே இருக்கார். ஐயா, கண்ணைத் திறங்க! தலையைக் கொஞ்சம் தூக்குங்க, பாக்கலாம்!"

அசைவே இல்லை.

"நேத்தும் இதேதான். இன்னிக்கும் முடியலேன்னா தொண்டையில துளை போட்டுத்தான் குழாய் வைக்கணும்."

மகள் டாக்டரைக் கொஞ்சம் தள்ளி அழைத்துப் போனாள்.

"டாக்டர், அம்மாவைப் பாத்தாலும் பயமா இருக்கு. எதைச் சொன்னாலும் தப்புத் தப்பாச் சொல்றாங்க. இப்படி இருந்ததே இல்ல. அப்பாவோட சேர்த்து அம்மாவும் கைவிட்டுப் போயிடுவாங்களோன்னு..."

"கவலையில சில பேருக்கு இப்படி ஆகும்மா. முதல்ல அப்பாவைப் பாப்போம். அப்புறம் அம்மாவையும் பரிசோதிச்சுடலாம்."

இங்கே அம்மா பாட்டுக்குப் பேசிக்கொண்டே இருந்தாள்.

"நம்ம முதல் வீடு... மருந்துக்கடைக்கு மேல ஒத்தை அறை. ஜன்னலைத் திறந்தா மருந்து நெடி..."

பேக்கரி மாடி அது! விடிந்தால் சுடச்சுட ரொட்டி வாசனை. காசில்லாத நாளில் அந்த வாசனையிலேயே பாதி வயிறு நிரம்பும் என்பார் அப்பா.

"அந்த அறையிலதான் இவ பொறந்தா. திங்கக்கிழமை."

மகளுக்குத் தாங்கவில்லை. வியாழக்கிழமை என்று சொல்ல வாயெடுத்தவள் அப்படியே நின்றாள். அப்பாவின் புருவம் நெரிந்தது. தலை தலையணையை விட்டு ஒரு விரற்கடை எழும்பியது. அந்தக் குழாயோடேயே இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் அசைந்தது.

"அட!" டாக்டர் ஓடி வந்தார். "ஐயா, நான் பேசறது கேக்குதா? என் கையை அழுத்துங்க!"

அழுத்தினார்.

டாக்டர் இயந்திரத்தின் உதவியைக் குறைத்து வைத்துவிட்டு, கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி பக்கத்திலேயே நின்றார். "இந்த அரை மணி நேரம் அவரா இழுத்தாகணும். மேல் மூச்சு கீழ் மூச்சு வாங்காம இருக்கணும். அம்மா, நீங்க பேசுங்க, நிறுத்தாதீங்க!"

அம்மாவா நிறுத்துவாள்? கல்யாணப் போட்டோவில் அவர் போட்டிருந்த செருப்பு, அதற்கென்றே வாங்கிய புதுச் செருப்பு என்றாள். நண்பனிடம் கேட்டு வாங்கி, விரல் நசுங்க நசுங்கப் போட்ட செருப்பு அது! ஒவ்வொரு தப்புக்கும் அப்பாவின் கண் அகலத் திறந்தது. நெஞ்சு நிறைய ஒரு மூச்சு உள்ளே போனது. மகள் திரையைப் பார்க்கப் பயந்து அப்பாவின் நெஞ்சையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அரை மணி நேரம் முடிந்தது. இருமச் சொன்னார்கள். நன்றாகவே இருமினார். குழாயை எடுத்து, முகத்தில் ஆக்சிஜன் மூடியை வைத்தார் டாக்டர்.

"இப்பப் பேச வேண்டாம் ஐயா. அவசரமே இல்ல."

எங்கே கேட்டார்! மூடியைக் கையால் விலக்கிக்கொண்டு கரகரத்தார்.

"குடை... நீலம்." ஒரு மூச்சு. "வெயில். பேக்கரி... வியாழன்." இன்னொரு மூச்சு. "செருப்பு... இரவல்."

மகள் அழுதுகொண்டே சிரித்தாள். "பாத்தியாம்மா? அப்பாவுக்கு எல்லாம் ஞாபகம் இருக்கு. நீதான் எல்லாத்தையும் மறந்துட்டே."

அம்மா மூடியை அவர் முகத்தில் சரியாக வைத்துவிட்டு, புறங்கையால் தன் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"எனக்கும் எல்லாம் ஞாபகம் இருக்குடி. காலம் பூரா அச்சகத்துல பிழை திருத்தின மனுஷன் இவர், கதையைச் சரியாச் சொல்லியிருந்தேன்னா கேட்டுக்கிட்டே நிம்மதியாத் தூங்கிப் போயிருப்பார்."