சும்மா இருந்து துருப்பிடித்தது

மாசிலாமணியின் பஞ்சர் கடையில் டயருக்குக் காற்றடிக்க ஒரு பிஸ்டன் கம்ப்ரசர் இருந்தது. காற்றுத்தொட்டி நிறையும்வரை ஓடும். பிறகு நின்று உடம்பை ஆறவைத்துக்கொள்ளும். கடைக்கு எடுப்பாக இருக்குமென்று அவர் பெரிய ஸ்குரூ கம்ப்ரசரை வாங்கி, பழையதை மூலையில் தள்ளினார்.

"நான் நாள் முழுக்க நிற்காம ஓடப் பொறந்தவன் அண்ணே," என்றது புதியது.

"இங்க வர்றது நாலு வண்டிதானே தம்பி," என்று கவலைப்பட்டது பழையது.

புதியது ஓடத் தொடங்கியதுமே தொட்டி நிறைந்துவிடும். சூடேறும் முன்பே நின்றுவிடுவதால், காற்றில் வந்த ஈரம் உலராமல் அதன் எண்ணெயிலேயே தங்கியது. மழைக்காலம் முடிவதற்குள் உள்ளே துருவேறி இறுகிப்போனது.

"வேலையே செய்யலையே அண்ணே, எப்படி வீணாப்போனேன்?"

மாசிலாமணி பழையதையே இழுத்துவந்து மறுபடி மாட்டினார். ஓடியது. தொட்டி நிறைந்தது. அன்றைக்கு மட்டும் அதற்கு நிற்க மனசு வரவில்லை.